மேட்டுப் பாத்தியும் பள்ளப் பாத்தியும்

சவரிமுத்து, மாதா உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாற்றட்டும். உன் ரோஷத்தை மட்டும் அவள் காப்பாற்ற வேண்டாம். அது தானாகவே செழிப்பாக வளர்கிறது என்பது உன் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துவிட்டது. மதுரை மில்லில் லீவு சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வருகிறாயாம். சர்வேயரைக் கூட்டி வருகிறாயாம். கிணற்றுத் தோட்டத்தை நடுவில் குறுக்கே அளந்து, மேல்பாதி ஒருவனுக்கு, கீழ்ப்பாதி ஒருவனுக்கு என்று பிரித்து, இடையில் ஒரு மண்சுவர் வைக்கப்போகிறாயாம். "முறைப்படி மூத்தவன் நான் பிரிக்கிறேன், இளையவன் இன்னாசி எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், இதில் யாருக்கு என்ன குறை?" என்றும் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டாய் அல்லவா, பதில் வருகிறது. முழுவதும் படி. பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைக்காதே. உன் அப்பாவும் அப்படித்தான், பிடிக்காத பேச்சு வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

உன் பெரியம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறாள். பெரியப்பா போன பிறகு, ஒரே மகளும் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டதால், அவளுக்கு நான், எனக்கு அவள். சுளகில் வெண்டை விதையைப் பரப்பிச் சொத்தை பொறுக்கிக்கொண்டே, நான் என்ன எழுதுகிறேன் என்று வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். "எழுது புள்ள, நல்லா ஒறைக்கிற மாதிரி எழுது. நெளிவு சுளிவெல்லாம் வேணாம். அவன் நம்ம புள்ளதான" என்கிறாள். அதனால் இதில் காரம் கூடிப்போனால் பாதிப் பழி அவளுக்கு.

சண்டை எங்கே தொடங்கியது என்பதை முதலில் பேசிவிடுவோம். அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து, பந்தி போடுவதற்கு முன்னால் நீ தோட்டத்துப் பக்கம் போனாய். பாத்திகளைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இம்புட்டுச் சின்னதா கட்டியிருக்க? ரெண்டு பாத்திய ஒண்ணாக்குனா நடுவரப்பு மிச்சமாகும்ல" என்றாய். மூத்தவன், ஒரு யோசனை சொன்னாய், அதில் குற்றமில்லை. சரிவான நிலத்தில் பெரிய பாத்தி கட்டினால் தண்ணீர் ஒரு மூலையில் குளமாகவும் மறுமூலையில் புழுதியாகவும் இருக்கும். சரிவு கூடக்கூடப் பாத்தி சிறுத்தாக வேண்டும். இதை இன்னாசி உனக்கு நல்ல வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவனோ, "மில்லுச் சங்கு ஊதுனா ஓடுற ஆளுக்கு மடை மாத்துறதப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டான். சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டான். நீ இலையில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டாய். அப்பாவுக்காக ஆக்கிய சோற்றில் மூத்த மகன் கைவைக்காமல் போனது இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. இன்னாசியை அன்றைக்கே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பெரியம்மா என்னைவிட அதிகமாகத் திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றானே ஒழிய, தப்பு என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. வராது. நீயும் அவனும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஆக, உனக்கு வேண்டியது நிலமில்லை என்பது எனக்குத் தெரியும். நீ மதுரையிலிருந்து வந்து கத்தரிக்குக் களை எடுக்கப்போவதில்லை. அந்த ஒரு வார்த்தை உன்னைச் சுட்டுவிட்டது. "எனக்கும் இதில் பாத்தியதை உண்டு" என்று சுவர் வைத்துக் காட்ட நினைக்கிறாய். சுவர் வைத்தால் வார்த்தை ஆறிவிடுமா? அதே தோட்டத்தில், நீ இப்போது கோடு போட நினைக்கிற அதே இடத்தில் முன்பு ஒரு வரப்பு இருந்தது. அந்த வரப்பு இந்த வீட்டை என்ன பாடு படுத்தியது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

உன் தாத்தா கண்மூடியபோது நீ கைக்குழந்தை. பெரியப்பாவும் அப்பாவும் பங்கு பிரித்தார்கள். நம் பக்கத்து முறை நீ சொன்ன முறைதான். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஓரவஞ்சனை செய்தால் மட்டமான பங்கு அவன் தலையிலேயே விழும் என்பதால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிரிப்பான். நல்ல முறைதான். பெரியப்பாவும் ஒரு சாண் கூடக் குறையாமல் சரிபாதியாகக் குறுக்கே பிரித்தார். அப்பா எடுத்தார். கிணறு மேல்பக்கம் இருக்கிறது, கிணற்றுப் பக்கத்துப் பாதியை விடுவாரா? மேட்டை எடுத்தார். நான் அப்போது திண்டுக்கல் டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அதிக நாளாகவில்லை. கான்வென்டில் எட்டாவது படித்தவள், கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதவள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் மேட்டைத்தான் கைகாட்டியிருப்பேன்.

ஊரே அப்பாவுக்கு யோகம் என்றது. ஒரு மழைக்காலம் போனதும்தான் தெரிந்தது, பிரித்தவர்கள் அளவைப் பிரித்தார்களே ஒழிய தோட்டத்தைப் பிரிக்கவில்லை என்று. தலைமுறை தலைமுறையாகப் பெய்த மழை மேட்டிலிருந்த நல்ல மண்ணையெல்லாம் கீழே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. தோட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் தாத்தா கோடைக்குக் கோடை அந்த வண்டலை வெட்டிக் கூடையில் சுமந்து மேலே போட்டு, பாத்திகளைச் சமமாக்கிக்கொண்டே வந்திருக்கிறார். பிரித்த பிறகு கீழே இருக்கிற மண் பெரியப்பாவுடையது. யார் மேலே சுமப்பார்கள்? எங்கள் மேட்டில் நாளுக்கு நாள் சரளைதான் மிஞ்சியது. தண்ணீர் எங்கள் கைக்குள் இருந்தது, விட்ட தண்ணீரை நிறுத்தி வைக்க மண் இல்லை. வெண்டை முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை.

பெரியப்பாவுக்கு வேறு கூத்து. வெண்ணெய் மாதிரி மண். ஆனால் அவருக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் சரளை வழியாக வாய்க்காலில் ஓடித்தான் போக வேண்டும். அந்த வாய்க்காலே பாதியைக் குடித்துவிடும். அவர் முறை வருகிற அன்று காலையிலிருந்து கமலை இறைத்து மாடு நுரை தள்ளும், கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. தம்பி நடுவில் மடை திறந்துவிட்டான் என்று அவருக்குச் சந்தேகம். உன் அப்பா ஒரு நாளும் திறந்ததில்லை என்று நான் பைபிள்மேல் கைவைத்துச் சொல்லமாட்டேன், மனுஷன்தானே. ஆனால் பெரும்பாலும் திருடியது சரளைதான். பழி தம்பிக்கு. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. கோயிலில் ஒருவர் வலதுபுறம் முழந்தாளிட்டால் மற்றவர் இடதுபுறம். நற்கருணை வாங்கப் போகும்போதுகூட ஒருவர் திரும்பி வரும்வரை மற்றவர் எழமாட்டார். சாமியார் பிரசங்கத்தில் சாடையாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் அது மற்றவனுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆண்களுக்கு ரோஷம், எங்களுக்கு வெள்ளிக்கிழமை. சுத்தபோசன நாளில் கறி மீன் ஆகாது, காய்தான் ஆக வேண்டும். தவசுகாலம் வந்தால் கேட்கவே வேண்டாம். கிணற்றுத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுப் பெண் சந்தையில் போய்க் கத்தரிக்காய் கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு நாள் நான் முக்காடு போட்டுக்கொண்டு, கூடையோடு உட்கார்ந்திருந்த வியாபாரியிடம் குனிந்தேன். பக்கத்தில் இன்னொரு முக்காடு குனிந்தது. பெரியம்மா! எங்கள் வீட்டு ஆண்கள் பேசாததால் நாங்களும் பேசக் கூடாது என்று உத்தரவு. என் கூடையை எட்டிப் பார்த்தாள், அவள் கூடையை நான் பார்த்தேன். "என்னடி டவுன்காரி, ஒன் மேட்டுலயும் மயிரு முளைக்கலையா?" என்றாள். நடுச்சந்தையில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வியாபாரி பயந்துபோய்க் காயை நிறையவே அள்ளிப் போட்டான்.

பெரியம்மா குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரி. மழையை நம்பியே வெள்ளாமை பார்க்கிற காட்டில் பிறந்தவள். ஒரு சொம்புத் தண்ணீர் வீணாகப் போனாலும் அவளுக்கு வயிறு எரியும். திரும்பி நடந்து வரும் வழியிலேயே அவள் திட்டம் போட்டுவிட்டாள். ஆத்தூரில் ஒரு கல்யாணம் வந்தது. இரண்டு வீட்டுக்கும் பத்திரிகை. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஒரே கல்யாணத்துக்குத் தனித்தனியாக இரண்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அவள் கால் வலி என்றாள், நான் மாடு கன்று போட்டிருக்கிறது என்றேன். வண்டிகள் ஊர் எல்லை தாண்டியதும் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றாள். "ஆம்பளைங்க வர்றதுக்குள்ள வெட்டிரணும் புள்ள. வெட்டுன வரப்ப எவனும் திரும்ப வைக்க மாட்டான், மானம் போயிரும்."

அங்கே நீ வருகிறாய் சவரி. பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைப் பிடித்துக் கூடையைக் கொடுத்தோம். மறந்திருக்க மாட்டாய். நானும் களையெடுக்க வரும் பெண்களும் கீழே வண்டலை வெட்டினோம், நீ தலையில் சும்மாடு வைத்து மேலே சுமந்தாய். உன் சட்டையெல்லாம் மண். "அம்மா, இது பெரியப்பா மண்ணா நம்ம மண்ணா?" என்று கேட்டாய். "சொமடா, அப்புறம் சொல்றேன்" என்றேன். இப்போதுதான் சொல்கிறேன். வரப்பு இருந்த இடத்துக்கு மேலும் கீழும் புதிதாகச் சின்னச் சின்னப் பாத்தி கட்டினோம். தோட்டத்தின் நடுவில் கிணற்றிலிருந்து கடைசிவரை நேராக ஒரே வாய்க்கால். அதன் அடியில் களிமண்ணை மிதித்துப் பூசினாள் பெரியம்மா, சரளை தண்ணீரைக் குடிக்காமல் இருக்க.

மூன்றாம் நாள் ஆண்கள் திரும்பினார்கள். இரண்டு வண்டியும் தோட்டத்துக்கு நேரே நின்றது. "எல்லைய வெட்டுனது யாரு?" என்று பெரியப்பா கத்தினார். "நாந்தேன்" என்றாள் பெரியம்மா. அப்பா என்னைப் பார்த்தார், நான் கையிலிருந்த மண்வெட்டியை மறைக்கவில்லை. அத்தனை வருஷம் பேசாத மனிதர்கள் அன்றைக்குப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்கிறாய்? "ஒம் பொண்டாட்டிதேன் இவளக் கெடுத்துருக்கா!" "சும்மாரு அண்ணே, கொழுப்பெடுத்தது ஒம் பொண்டாட்டி!" இதுதான். முதல் வார்த்தை இதுவானால் என்ன, அண்ணே என்ற சொல் வாயில் வந்துவிட்டதல்லவா? கொஞ்ச நேரம் எங்களை ஏசிவிட்டு ஓய்ந்தார்கள். பிறகு அப்பா குனிந்து பாத்தியைப் பார்த்தார். நாங்கள் கட்டியதில் ஒரு மூலை இறங்கியிருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. "இப்படியா பாத்தி கட்டுவாக? தட்டுல ஊத்துன கஞ்சி மாதிரித் தண்ணி நிக்க வேணாம்?" என்று மண்வெட்டியைப் பிடுங்கினார். பெரியப்பா கமலையில் மாட்டைப் பூட்டினார். தண்ணீர் வந்தது. பாத்தி பாத்தியாக மடை மாற்றி மாற்றி, கடைசிப் பாத்திவரை போய் நின்றது. அண்ணனும் தம்பியும் அதன் ஓரத்தில் குந்திக்கொண்டு, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெரியம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். இதை எழுதாதே என்று இப்போது சுளகால் என்னை அடிக்கிறாள்.

அன்றிலிருந்து அந்தத் தோட்டம் ஒன்றுதான். அதில் விளைந்ததைத் தின்றுதான் நீயும் இன்னாசியும் வளர்ந்தீர்கள். அண்ணன் தம்பி பேச்சு ஒருநாளும் அதற்கப்புறம் நிற்கவில்லை. சண்டை போட்டார்கள், தினமும் போட்டார்கள். ஆனால் பேசிக்கொண்டே போட்டார்கள். பெரியப்பாவைக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது அப்பா கால் பின்னிக் கீழே விழுந்ததை நீயே பார்த்தாய்.

இப்போது புரிகிறதா, நீ போடப்போகிற கோடு என்ன செய்யும் என்று? இன்னாசி இளையவன், முதலில் எடுப்பான், அவனும் கிணற்றுப் பக்கத்தைத்தான் எடுப்பான். உன் பங்கு பள்ளத்தில் தண்ணீருக்கு ஏங்கிக் கிடக்கும், அவன் பங்கு மேட்டில் மண்ணுக்கு ஏங்கிக் கிடக்கும். இப்போது கரண்ட் மோட்டார் வந்துவிட்டது, கமலைக் காலம் இல்லை என்று சொல்லாதே. மோட்டார் தண்ணீரைத்தான் இறைக்கும், மண்ணை மேலே சுமக்குமா? எனக்கும் பெரியம்மாவுக்கும் பிறகு பிரித்தே ஆக வேண்டும் என்றால் நீளவாட்டில் பிரியுங்கள். நடுவாய்க்காலுக்கு வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன். இரண்டு பேருக்கும் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஒருவன் மண் சுமந்தால் மற்றவன் பார்ப்பான். ஒருவன் மடை திறந்தால் மற்றவன் காலில் தண்ணீர் படும். வாய்க்கால் இரண்டு பேருக்கும் பொது, அதை ஒருவனாகச் செதுக்க முடியாது, கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சுவர் என்ற பேச்சு மட்டும் என் காதில் விழக் கூடாது.

இன்னாசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ வரும் அன்று, நீ இலையில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்குச் சோறு. அதற்கு முன் அவன் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனுக்கும் பட்டினி, எனக்கும் பட்டினி. இதை அவனிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். "அண்ணே வருமாம்மா?" என்றுதான் கேட்டான். அவனிடம் அது பெரிய பேச்சு. நீயும் வந்ததும் விறைத்துக்கொண்டு நிற்காதே. அவன் இரண்டு அடி வந்தால் நீ ஒரு அடியாவது வா. எனக்கு உங்கள் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் பார்க்க வேண்டும் மகனே. அப்பா போன பிறகு எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அதை மறைக்க எனக்கு வெட்கமும் இல்லை.

சர்வேயரைக் கூட்டி வருவது உன் இஷ்டம். ஆனால் அவருக்கு வீண் அலைச்சல். உன் கடிதம் வந்த மறுநாளே நானும் பெரியம்மாவும் நீ கோடு போடுவதாகச் சொன்ன இடத்துக்குப் போனோம். கொத்தி, கட்டி உடைத்து, பலகை போட்டு, தண்ணீர் விட்டுப் பார்த்துச் சமமாக்கி, மேலும் கீழுமாக ஒரே சீராகப் பாத்தி கட்டி, அத்தனையிலும் விதை வெங்காயம் ஊன்றிவிட்டோம். இன்னாசி மோட்டார் போட்டான், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நான் எழுதுகிற இந்நேரம் பச்சையாக முளை தலைகாட்டிவிட்டது. நிற்கிற பயிரில் அளவுச் சங்கிலி இழுக்கிற வழக்கம் நம் ஊரில் எந்தச் சாதியிலும் கிடையாது. எந்தப் பஞ்சாயத்தாரும் அந்தப் பாத்தியில் கால் வைக்கமாட்டார்கள். வெங்காயம் எடுத்தபிறகு அளந்துகொள்வோம் என்றுதான் சொல்வார்கள்.

நீயும் காத்திருந்து அப்போது வரலாம். ஆனால் அம்மாவைத் தெரிந்துகொண்டு வா. வீட்டுக்குப் பின்னால் மிளகாய் நாற்று பாவியிருக்கிறேன். வெங்காயம் தாள் சாய்ந்து எடுப்புக்கு வருவதற்கு முன்னால் அதன் இடையிலேயே மிளகாய் நின்றுகொண்டிருக்கும். மிளகாய் ஓய்வதற்கு முன்னால் கொத்தவரை. எனக்கு முதுகு ஒடிந்தால் பெரியம்மா நடுவாள், அவளுக்கு முடியாவிட்டால் ஆள் வைத்து நடுவேன். நான் உயிரோடு இருக்கிறவரை அந்தப் பாத்தி ஒரு நாள்கூட வெறுமையாகக் கிடக்காது.

உன் அம்மா